குண்டு என்ன விலை?

பாம்பன் கரையில் நின்றுகொண்டு 'குண்டு என்ன விலை?' என்று சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். யாரும் பதற மாட்டார்கள். போலீஸ் வராது. 'கிலோக் கணக்கிலயா, உதிரியா?' என்று எதிர்க் கேள்விதான் வரும். அங்கே குண்டு என்றால் முதலில் வலைக்குண்டு. வீச்சு வலையின் விளிம்பைச் சுற்றிக் கோத்திருக்கும் ஈயம்.

அங்கிருந்து பஸ் பிடித்து ராமநாதபுரம் வந்து அதே கேள்வியைக் கேட்டால், மிளகாய் மண்டிக்குக் கை காட்டுவார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய்க்கு இன்னொரு பெயர் குண்டு மிளகாய். மதுரை வந்து கேட்டால் பூக்கடை. சென்னையில் கேட்டால் எதிரே நிற்பவர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு முறைப்பார்.

(அந்தக் கடலில் இன்னொரு வகைக் குண்டும் உண்டு. வலைக்குப் போனவர்கள் மேல் பாய்ந்த குண்டு. அது சிரித்துக்கொண்டே எழுதக் கூடிய விஷயம் இல்லை. இந்த வாரம் அதைத் தொடவில்லை.)

குண்டு ஆராய்ச்சி எதற்கு என்கிறீர்களா? பரமக்குடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். வங்கி உத்தியோகம். அவருடைய அக்காவைக் கட்டிய மச்சான் டெக்ஸாஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாராம். வார நாட்களில் கீபோர்டு, சனி ஞாயிறில் காட்டுப்பன்றி வேட்டை. தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. கார் ஷெட்டில் மேஜை போட்டு, தராசு வைத்து, தன் தோட்டாவைத் தானே கட்டிக்கொள்கிறார். இப்போது பிரச்னை என்னவென்றால்:

'சாதாரணக் குண்டு அரை டாலருக்குள் கிடைக்கிறது. உசத்திக் குண்டு ஒரு டாலருக்கு மேல். எதை வாங்குவது என்று ஒரு மாதமாக யோசிக்கிறார். நடுராத்திரி போன் போட்டு என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார். எங்கக்காவைப் பெண் பார்க்க வந்தப்போ பஜ்ஜி ஆறுவதற்குள் சரி சொன்ன மனுஷன் சார்! ஒரு பன்றிக்கு இத்தனை யோசனையா? இது பணத்திமிர்தானே?'

நியாயமான கேள்வி. ஆனால் மச்சான் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அது டெக்ஸாஸ் நியாயம் இல்லை, சுத்தமான ராமநாதபுரத்து நியாயம்.

*

முதலில் பாம்பன். வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணே, ஈயம்தான் வேணுமா? இரும்புல போட்டா செலவு குறையுமே?"

அவர் ஊசியை நிறுத்தாமல் சொன்னார்:

"குறையும் தம்பி. அப்புறம் துரு வந்து நூலை அறுத்துப்புடும். குண்டு விலையைக் கடையில பாக்கக் கூடாது. கரையில பாக்கணும்."

பௌதிகமும் அவர் பக்கம்தான். ஒரு கிலோ ஈயத்தைத் தண்ணீரில் முக்கினால், மேல்நோக்கித் தள்ளும் விசை போக சுமார் 910 கிராம் எடை மிஞ்சும். இரும்பு 870. சிமென்ட் என்றால் 580 கிராம்தான். பார்த்தால் ஈயத்துக்கும் இரும்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். ஆனால் அதே எடைக்கு இரும்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பருமன். பருமன் கூடினால் தண்ணீர் தடுக்கும். வலை இறங்குவதற்குள் மீன் நகர்ந்துவிடும். அதோடு ஈயம் மெத்து. ஒரு தட்டில் கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். துருவும் கிடையாது.

கடை விலை வேறு, கரை விலை வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உள்நாட்டுப் பக்கம் போகலாம்.

*

கமுதி தாண்டி ஒரு கிராமத்தில், தொண்ணூறை எட்டிப் பிடிக்கப்போகும் பெரியவர் ஒருவர். அவர் வீட்டில் ஒரு காலத்தில் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய் வழியாக மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்து இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்து இடிக்கும் ஜாதி. டெக்ஸாஸ் மச்சான் கார் ஷெட்டில் செய்வதை இவர் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டே செய்திருக்கிறார். தன் தோட்டாவைத் தானே கட்டுவது இந்த ஜில்லாவுக்குப் புதுசில்லை.

"எம்புட்டு மருந்து, எம்புட்டு ரவைனு எங்கய்யா அளந்துதேன் குடுப்பாரு தம்பி. ஒரு ராத்திரிக்கு மூணு போடு. அதுக்கு மேல கிடையாது."

"மூணுல எத்தனைய்யா விழும்?"

"ஒண்ணும் விழுகலைனா மறுநா ரெண்டு போடுதேன் குடுப்பாரு."

இதைத்தான் இப்போது ஆபீஸில் அப்ரைசல் என்று பெயர் வைத்து, ஏப்ரல் மாதம் நம்மைத் தூங்க விடாமல் செய்கிறார்கள்.

"சைக்கிள் கடையில பழைய பால்ரஸ் சும்மா கிடைக்கும். அதைப் போட்டா ரவைச் செலவே இல்லை. எங்கய்யா தொடவிட மாட்டாரு. குழாயைத் தின்னுரும்பாரு."

இதுவும் சரி. பால்ரஸ் எஃகு உருண்டை. குழலைவிடக் கடினம், உள்ளே கீறிக்கொண்டு போகும். ஈயம் குழலுக்கு விட்டுக்கொடுத்துப் போகும். போதாக்குறைக்கு, ஒரே பருமனுள்ள ஈய உருண்டையைவிட எஃகு உருண்டை மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டென்னிஸ் பந்தை பவுண்டரியிலிருந்து எறிந்தால் பாதி வழியில் சோர்ந்துபோகும். கார்க் பந்து விக்கெட் கீப்பர் கையைப் பதம் பார்க்கும். கனமானது வேகத்தை விடாது.

பெரியவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது.

"ரவை பத்தாமப் போயி பன்னி அடிபட்டு ஓடிருச்சுன்னு வச்சுக்க. அதை அப்புடியே விடக் கூடாது. வலியில திரியும், ஆளைக் குத்தும். மறுநா பூராம் நாலு பேரு கருவக்காட்டுல தேடுவோம். அந்த நாலு ஆள் கூலியை எந்தக் கணக்குல எழுதுறது தம்பி?"

பாம்பன்காரர் சொன்ன அதே கரை விலை!

*

துப்பாக்கி உலகத்தில் விலைக் கணக்கு பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பன்னிரண்டு போர்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பன்னிரண்டு என்பது அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கிப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ, அந்தக் குழல் பன்னிரண்டு போர். இருபது உருண்டை என்றால் இருபது போர். ஆகவே நம்பர் ஏற ஏறத் துப்பாக்கி சிறுத்துக்கொண்டே போகும். ஒரு பவுண்டு ஈயம் வாங்கினால் எத்தனை தரம் சுடலாம் என்ற மளிகைக் கணக்குதான் கடைசியில் துப்பாக்கியின் பெயராக நிலைத்துவிட்டது.

பன்னிரண்டு போர் உருண்டை சுமார் 38 கிராம். இருபது போர் சுமார் 23 கிராம். எடை கூடினால் அடி பலம். பை சீக்கிரம் காலி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேட்டைக்காரன் முந்நூறு வருஷமாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறான்.

இலங்கைக் காடுகளில் வேட்டையாடி 1854-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர், பிறகு ஆப்பிரிக்கா போகும்போது ஒரு துப்பாக்கி எடுத்துப்போனார். அதன் குண்டு ஒவ்வொன்றும் அரை பவுண்டு! நம் கணக்குப்படி 'இரண்டு போர்'. அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'பேபி'. சுட்டால் யானையும் ஆடும், சுட்டவரும் ஆடுவார். செயல்திறனுக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அதைச் சுடுவதற்கு அவரே பயந்தார். அதிகத் திறனும் ஒரு செலவுதான் என்பதற்கு பேபி சாட்சி.

இதற்கு நேர் எதிர்முனையில் இருந்தது நம் சீமையின் வளரி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மான், முயல் அடிக்கவும், யுத்தத்துக்கும் வீசிய வளைந்த கட்டை. கருமருந்து வேண்டாம், ஈயம் வேண்டாம், மழையில் நமுக்காது. எறிந்ததைப் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம், மறுபடி எறியலாம். கைதேர்ந்தவன் எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் வேறு யாருமில்லை, சின்ன மருது. 1801-ல் அதே மருது சகோதரர்களை எதிர்த்து யுத்தம் செய்த படையில் வெல்ஷ் இருந்தார். அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள்.

அப்படியானால் வளரிதான் உலகத்திலேயே மலிவான குண்டா? இல்லை. அதன் விலை மரத்தில் இல்லை, தோளில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து வருஷக்கணக்காக வீசிப் பழகிய தோள். அந்தப் பயிற்சிக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால் இலவசம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

*

இப்போது டெக்ஸாஸ். தோட்டா என்பது நாலு உருப்படி சேர்ந்தது. பித்தளைக் கூடு, அடியில் பொறி வைக்கும் கேப்பு, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகு பித்தளைக் கூடு கையிலேயே இருக்கும். அதைத் துடைத்து, மறுபடி கேப்பும் மருந்தும் குண்டும் வைத்தால் புதுத் தோட்டா. இட்லிப் பானை மாதிரி. பானை மறுபடி மறுபடி அடுப்பேறும், போன இட்லி திரும்பாது. அந்த இட்லிதான் குண்டு. கட்டுகிறவர் தலையை உடைத்துக்கொள்வதும் அதைப் பற்றித்தான்.

(ஆர்வக் கோளாறில் யாரும் வீட்டில் மேஜை போட்டுவிடாதீர்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமில்லை, தோட்டா தயாரிக்கவும் உரிமம் வேண்டும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பொழுதுபோக்கும் இங்கே முடிந்த கதை. கமுதிப் பெரியவரின் துப்பாக்கி அரசாங்கத்திடம் திரும்பிப் போய் வெகுகாலம் ஆகிறது.)

வேட்டைக் குண்டுக்கு இரண்டு வேலை. உள்ளே போக வேண்டும், போனதும் மலர வேண்டும். ஆழமாகப் போகிற குண்டு சுலபத்தில் மலராது. சுலபத்தில் மலர்கிற குண்டு ஆழமாகப் போகாது. மாமியாரையும் மனைவியையும் ஒரே சமயத்தில் திருப்திப்படுத்துகிற மாதிரி வேலை.

ஈயக் குண்டின் மேல் செம்புச் சட்டை போட்டு, நுனியில் மட்டும் ஈயம் தெரியும்படி விட்டால் அது மலரும். இந்த யோசனையைப் பிரபலமாக்கிய இடம் எது தெரியுமா? கல்கத்தாவில் இன்றைக்கு ஏரோப்ளேன் இறங்குகிற டம்டம். 1890-களில் அங்கே இருந்த ஆயுதசாலையில் செய்த குண்டு 'டம்டம் குண்டு' என்றே உலகமெங்கும் பேர் வாங்கியது. மனிதன் மேல் இப்படிப்பட்ட குண்டைப் பிரயோகிப்பது கொடுமை என்று 1899-ல் ஹேக் நகரத்தில் கூடி யுத்தத்தில் அதைத் தடை செய்தார்கள். வேட்டையில் நிலைமை தலைகீழ். அங்கே மலராத குண்டுதான் கொடுமை. ஊசி மாதிரி ஊடுருவிப் போய்விடும். மிருகம் உடனே சாகாது, ஓடிப்போய் எங்கேயோ புதரில் கிடந்து நாள் கணக்கில் சாகும்.

சரி, சாதாரணக் குண்டு மலர்கிறதே, அது போதாதா? 1946-ல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் மூஸ் என்ற ராட்சத மான் வேட்டைக்குப் போனார். மான் சேற்றில் புரண்டு, சேறு உடம்பில் காய்ந்து கவசம் மாதிரி ஆகியிருந்தது. வேகமான துப்பாக்கி, சாதாரணக் குண்டு. பட்டவுடனேயே சிதறிவிட்டது, உள்ளே போகவில்லை. மனிதர் ஊர் திரும்பி, நடுவில் செம்புத் தடுப்புச் சுவர் வைத்த ஒரு குண்டைச் செய்தார். முன்பாதி மலரும், பின்பாதி அப்படியே நின்று ஆழத்துக்குத் தள்ளும். 1948-ல் அதற்கென்றே கம்பெனி தொடங்கினார். இன்றைக்கும் அந்தக் குண்டு விற்கிறது, சாதாரணக் குண்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு.

பன்றிக்கு இது பொருந்துமா? நன்றாகப் பொருந்தும். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டை மேல் தோலுக்கடியில் கெட்டியான ஒரு கேடயத் திசு உண்டு. ஆண் பன்றிகள் ஒன்றை ஒன்று கோரைப்பல்லால் கிழித்துக்கொள்ளும்போது உயிர் காப்பதற்காக இயற்கை கொடுத்த கவசம். அதற்குப் பின்னால் எலும்பு. டெக்ஸாஸ் பன்றியும் கமுதிப் பன்றியும் விஞ்ஞானப்படி ஒரே இனம்தான், பாஸ்போர்ட்தான் வேறு.

*

'அப்படியென்றால் விலை உயர்ந்ததையே வாங்கிவிட வேண்டியதுதானே?'

அவசரப்படாதீர்கள். விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்தால் மச்சான் நடுராத்திரி போன் பண்ண மாட்டார்.

உசத்திக் குண்டு என்பது பெரும்பாலும் கெட்டியான குண்டு. அதிலும் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகள் ரொம்பக் கெட்டி. வேகம் இருந்தால்தான் மலரும். தூரம் கூடி வேகம் குறைந்துவிட்டால் மலராமல் ஊசி மாதிரி ஊடுருவிவிடும். சின்ன மான், நிதானமான வேகம், கிட்டத்தில் குறி என்றால் பழைய சாதாரணக் குண்டே கச்சிதமாக வேலை செய்யும். அங்கே ஒரு டாலர் குண்டு போடுவது, தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்க டாக்ஸி வைத்துக்கொண்டு போகிற மாதிரி.

அனுபவஸ்தர்கள் கண்டுபிடித்த வழி இது. ஒரே எடையில் மலிவு குண்டும் வாங்குகிறார்கள், உசத்திக் குண்டும் வாங்குகிறார்கள். வருஷம் பூரா அட்டையைச் சுட்டுப் பழகுவது மலிவில். காட்டுக்குப் போகும் அன்று மட்டும் உசத்தி. (எது எங்கே விழுகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்வார்கள். ஒரே எடை என்றாலும் இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று சொல்ல முடியாது.) வருஷத்தில் அட்டை மேல் சுடுவது நூற்றுக்கணக்கில், மிருகத்தின் மேல் சுடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. ஆக மொத்தச் செலவு பெரிதாக ஏறாது. வளரிக்காரனின் தோளும் கிடைக்கிறது, கமுதிப் பெரியவரின் நாலு ஆள் கூலியும் மிச்சமாகிறது.

அதோடு, ஒரு நாள் வேட்டைக்கு ஆகும் பெட்ரோல், லீவு, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அதில் குண்டின் பங்குதான் மிகக் குறைவு. அத்தனை செலவும் வீணா, பிரயோஜனமா என்று தீர்மானிப்பதும் அதே குண்டுதான். கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு சாம்பார்ப் பருப்பில் மிச்சம் பிடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

இதுவரை பார்த்தது சுடுகிறவனின் கணக்கு. பில் வேறு ஒருவருக்குப் போகிற கணக்கும் உண்டு.

ஈயம் மலிவு. ஒரு கிலோ செம்பின் விலைக்குப் பல கிலோ ஈயம் வாங்கலாம். ஆனால் ஈயம் விஷம். ஈயக் குண்டு மிருகத்தின் உடம்பில் பொடிப் பொடியாகச் சிதறும். வேட்டைக்காரன் விட்டுப்போன குடலையும் மிச்சத்தையும் பிணந்தின்னிப் பறவைகள் தின்னும். கலிபோர்னியாவில் கோண்டோர் என்ற பிரம்மாண்டமான கழுகு இனம் 1987-ல் மொத்தமே 27 என்ற நிலைக்கு வந்தது. அத்தனையையும் பிடித்துக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்துத்தான் மீட்டார்கள். மீட்டு வெளியே விட்ட பிறகும் அவற்றைக் கொன்றது முக்கியமாக ஈயம்தான். 2019 ஜூலையிலிருந்து கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று அமெரிக்கா முழுவதும் 1991-லேயே சட்டம் வந்துவிட்டது. காரணம், வாத்து தன் இரைப்பையில் அரைப்பதற்காகச் சின்னக் கல் பொறுக்கித் தின்னும். சேற்றில் கிடக்கும் ரவையும் அதன் கண்ணுக்குக் கல்தான்.

முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்குக் குளிர்காலத்தில் போயிருக்கிறீர்களா? 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள். கருவேல மரம் தாங்காத அளவுக்கு நாரையும் கொக்கும். அந்தச் சேற்றில் விழும் ரவைக்கு விலை போடச் சொன்னால் எந்தக் கடைக்காரராலும் முடியாது.

(வலைக்குண்டு வார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், சமையல் அடுப்பே போதும். ஆனால் தயவுசெய்து சமையல் அடுப்பில் உருக்காதீர்கள். புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று டாக்டர்கள் எந்த அளவையும் சொல்வதில்லை. வெட்டவெளி, தனிப் பாத்திரம், வேலை முடிந்து கைகழுவல். செலவு, ஒரு சோப்பு.)

*

அமெரிக்காவை விடுங்கள். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் இன்றைக்குச் சம்சாரிக்குப் பெரிய எதிரி காட்டுப்பன்றி. காடே இல்லாத ஊரில் சீமைக்கருவேலம்தான் பன்றிக்குக் காடு. பகலில் கருவேலத்துக்குள் படுத்துக்கொள்ளும், ராத்திரி குடும்பத்தோடு வந்து நெல்லை உழப்பும், கடலையைக் கிண்டும். மானாவாரியில் மழையை நம்பி, நகையை அடகு வைத்துப் போட்ட வெள்ளாமை ஒரே ராத்திரியில் போய்விடும். நாம் ஆபீஸில் 'இன்க்ரிமெண்ட் வரவில்லை' என்று புலம்புகிறோமே, அவருக்குச் சம்பளமே வரவில்லை.

அந்தக் கோபத்தில் சிலர் தேடும் வழி, உலகத்திலேயே மலிவான 'குண்டு'. பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய். இல்லையென்றால் கரண்டுக் கம்பியிலிருந்து இழுத்த வேலி. சில ரூபாயில் முடிந்துவிடுகிறது. அதன் கரை விலையைப் பாருங்கள். பன்றிக்கு வைத்ததை மேற்கு மாவட்டங்களில் யானை கடித்திருக்கிறது. வாய் கிழிந்த மிருகம் தின்ன முடியாமல் குடிக்க முடியாமல் நாள் கணக்கில் நின்று செத்திருக்கிறது. கரண்டு வேலியில் செத்ததில் பக்கத்து வயல்காரரும் உண்டு, வைத்தவரே உண்டு. மலிவான குண்டுக்குக் குறி கிடையாது. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறைக்காரர்கள் சுடலாம். விவசாயி சுடக் கூடாது. 'மனுப் போட்டு, ஆள் வந்து பார்த்து, முடிவெடுத்துச் சுடுவதற்குள் பன்றி அறுவடையே முடித்துவிடும்' என்பது வயல்காரர்களின் ஆதங்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சுடுவதைப் பழகினவர் சுட வேண்டும் என்ற பகுதி எனக்குச் சரியாகவே படுகிறது. கமுதிப் பெரியவரின் அய்யா மூன்று போடு அளந்து கொடுத்ததும் அதே நியாயத்தில்தான். ஆக, குறையைத் தாமதத்தில் சரி செய்யட்டும், குறியில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தாமதத்துக்கும் ஒரு கரை விலை உண்டு, அதைக் கட்டுவது சம்சாரி என்பது மேலே இருப்பவர்கள் கணக்கில் ஏற வேண்டும்.

*

பரமக்குடி நண்பரே, உங்கள் மச்சானுக்கு இப்படிப் பதில் எழுதுங்கள்.

மச்சான், எந்தக் குண்டு வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டால் வேலை செய்யுமா? தப்பினால், அல்லது அரைகுறையாகப் பட்டால், அந்தச் செலவை யார் கட்டுவது? அந்த ஆள் இந்தக் கடையில் என்னோடு வரிசையில் நிற்கிறாரா, இல்லையா? நிற்கவில்லை என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். இது ஹெல்மெட்டுக்கும் பொருந்தும், ஸ்கூட்டர் டயருக்கும் பொருந்தும், வீட்டு வயரிங்குக்கும் பொருந்தும். மூன்றிலும் நாம் மிச்சம் பிடிக்கிற பணத்துக்கு வேறு யாரோ வட்டி கட்டுகிறார்கள்.

ஆகவே பழக மலிவு குண்டு, பன்றிக்கு உசத்திக் குண்டு. முடிந்தால் ஈயம் இல்லாதது, கிட்டத்தில் மட்டும்.

விலை ரொம்ப உறுத்தினால் இன்னொன்றும் சொல்லுங்கள். முதல் குண்டு ஒழுங்காக வேலை செய்துவிட்டால், இரண்டாவது குண்டு இலவசம். அதோடு இனி நடுராத்திரியில் போன் பண்ண வேண்டாம். அந்தச் செலவையும் குண்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்!